‘மீனைத் தின்னு பிழைச்சுக்கும்’ என்கிறவர்களுக்கு

ராமேசுவரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் என்று நாலா பக்கமிருந்தும் வந்திருக்கிற கடற்கரைச் சொந்தங்களே!

நாய்த் தொல்லையைப் பற்றிப் பேசக் கூப்பிட்டீர்கள். அந்தத் தொல்லை எங்கே தொடங்குகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டு வாசலில் தொடங்குகிறது. பெட்டை நாய் ஆறு குட்டி போடுகிறது. கடுவனைக் கேட்டு ஆள் வரும். பெட்டைக் குட்டியை ஒருவரும் கேட்க மாட்டார்கள். கண் திறந்த கொஞ்ச நாளில் அதைச் சாக்கில் போட்டு, பைக்கில் வைத்து, மீன் இறங்குதளத்துக்குப் பின்னாலோ தனுஷ்கோடி சாலை ஓரத்திலோ உதறிவிட்டு வந்துவிடுகிறார்கள். ஏனப்பா என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: “கடலோரம்தானே, மீனைத் தின்னு பிழைச்சுக்கும்!”

இந்தப் பொய்யை எதிர்க்கத்தான் மேடை ஏறியிருக்கிறேன்.

எந்த மீனைத் தின்று பிழைக்கும்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நமக்கு மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும். சங்காயம் என்கிற கழிவு மீனைக் கொட்ட ஆள் கிடையாது, ஜெட்டியில் ஈரம்கூட இருக்காது. அந்த 61 நாளுக்கு நமக்கு அரசு நிவாரணம் தருகிறது. 5,000 ரூபாயை 8,000 ஆக்குவதாக 2023-இல் நம் மண்டபத்து மீனவர் மாநாட்டிலேயே முதலமைச்சர் அறிவித்தார். ஜெட்டியை நம்பி விடப்பட்ட நாய்க்கு யார் நிவாரணம் தருவது? அக்கினி நட்சத்திர வெயிலில் பசித்த நாய் எங்கே போகும்? நம் ஆட்டுக்குட்டியிடம் வரும், கோழியிடம் வரும், பிள்ளை கையில் இருக்கிற பண்டத்துக்கு வரும். அப்போது கல்லை எடுக்கிறோம்.

தண்ணீருக்கு என்ன செய்யும்? தனுஷ்கோடியில் மனிதர்களே மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீர் எடுத்துத்தான் குடித்து வந்திருக்கிறார்கள். பால் மறக்காத குட்டி எதைத் தோண்டும்?

தெருவிலே பிறந்ததுக்கு நான் என்ன பொறுப்பு என்கிறவர்கள் ஒரு நாள் தனுஷ்கோடி சாலையில் நின்று, அங்கே திரிகிற நாய்களின் கழுத்தைப் பாருங்கள். ஒன்றிரண்டின் கழுத்தில் நைலான் கயிறு இருக்கும். குட்டியாக இருந்தபோது கட்டியது. உடம்பு வளர்ந்துவிட்டது, கயிறு வளரவில்லை. தோலை அறுத்துச் சதைக்குள் இறங்கி, சீழ் கட்டி, ஈ மொய்த்துக் கிடக்கும். தெருநாய்க்கு அந்தக் கயிற்றைக் கட்டியது யார்? நம்மில் ஒருவர்தான் கட்டினார். பெயர் வைத்தார், சோறு போட்டார், பிறகு வேண்டாம் என்றார்.

இன்னொன்றையும் கேளுங்கள். தை, மாசி, பங்குனியில் நம் கரைக்குப் பங்குனி ஆமை முட்டையிட ஏறுகிறது. ஒரு குழியில் ஏறக்குறைய நூறு முட்டை இடும். வனத்துறையினர் விடியுமுன் நடந்து நடந்து, அந்த முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறார்கள். அவர்கள் வருவதற்குள் நாய் மோப்பம் பிடித்துவிட்டால் குழியோடு போயிற்று. அதே தனுஷ்கோடியை அரசு 2025-இல் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. பறவையைக் காக்க ஒரு பக்கம் அரசாணை, அதன் நடுவே பசித்த நாயைக் கொண்டுபோய் விடுகிற சாக்கு ஒரு பக்கம்! நாயின் மீது குற்றம் இல்லை. பசி எடுத்தால் அது தோண்டத்தான் செய்யும்.

“எல்லாவற்றையும் பிடித்துக் கொன்றுவிட்டால் தீர்ந்தது” என்று ஒரு குரல் கேட்கிறது. சென்னையில் பல்லாண்டு காலம் பிடித்துக் கொன்று பார்த்தார்கள். நாய் குறையவில்லை. 1990-களில்தான் கருத்தடை வழிக்கு வந்தார்கள். கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது 2023 விதி. பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையங்களில் திரிகிற நாய்களைக் காப்பகத்துக்கு மாற்றச் சொல்லி 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எல்லாம் சரி. ஆனால் ஒரு பக்கம் ஆபரேஷன் நடக்க, மறு பக்கம் ராத்திரியில் சாக்கு வந்துகொண்டே இருந்தால் அது ஓட்டைப் படகில் தண்ணீர் இறைக்கிற வேலைதான்.

வெறிநோய் கண்டுவிட்டால் மருந்து கிடையாது, சாவுதான். தடுப்பூசி போடாமல் வீதியில் விட்ட ஒரு குட்டி அந்த நோய் தொற்றிக் கடித்தாலும் போதும். அந்தப் பாவத்தை எந்தத் தீர்த்தத்தில் கழுவுவது? இருபத்திரண்டு தீர்த்தமும் நம் ஊரில்தானே இருக்கிறது!

சட்டம் என்ன செய்கிறது? வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் தவிக்க விட்டுவிட்டுப் போவது குற்றம் என்று 1960-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அறுபத்தைந்து வருஷமாக அதே 50 ரூபாய்! டீக்கும் வடைக்கும் ஆகிற காசுக்கு ஓர் உயிரைத் தெருவில் எறியலாம் என்றால் அந்தச் சட்டத்துக்கு யார் பயப்படுவார்கள்? நாடாளுமன்றம் இதைத் திருத்தியே ஆக வேண்டும்.

பணம் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹஸ்கி என்று சைபீரியப் பனிநாயை வாங்கி வந்து ராமநாதபுரத்து வெயிலில் கட்டுகிறீர்கள். அது மூச்சிரைத்து, முடி கொட்டி, உண்ணி ஏறிக் கிடக்கும்போது கைவிடுகிறீர்கள். இந்த மாவட்டத்தின் பெயர் சொல்லும் மண்டை நாய் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா? இந்த வெயிலுக்கும் இந்த மண்ணுக்கும் பிறந்த நாய் அது.

தாய்மார்களே, வீட்டில் பெட்டை நாய் இருந்தால் முதல் ஈற்றுக்கு முன்பே மாட்டாஸ்பத்திரியில் டாக்டரைக் கேட்டுக் கருத்தடை செய்துவிடுங்கள். நாய் சினை இரண்டே மாதம், வருஷத்துக்கு இரண்டு ஈற்று. நாளை பார்ப்போம் என்று தள்ளிப்போட நேரம் இல்லை. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய் ஊசி, பிறகு வருஷா வருஷம். ஜூலை 6 அன்று அரசு கால்நடை மருந்தகங்களில் அந்த ஊசியை இலவசமாகவே போடுகிறார்கள்.

சென்னையில் வீட்டு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம் என்று வைத்துவிட்டார்கள். ராமேசுவரம் நகராட்சியும் அதைச் செய்யட்டும். விட்டது யார் நாய் என்று அப்போது தெரிந்துபோகும். பாம்பன், தங்கச்சிமடம் ஊராட்சிக்காரர்களே, அடுத்த கிராம சபைக்குத் தவறாமல் வாருங்கள். வீட்டு நாய் ஒவ்வொன்றையும் பதிவு செய்ய வேண்டும், கருத்தடை முகாம் தீவுக்கு வர வேண்டும் என்று தீர்மானம் கொண்டு வாருங்கள். எழுதித் தர நான் வருகிறேன், கையெழுத்து நீங்கள் போடுங்கள்.