சிக்னல் இல்லாத ஊரிலும் திறக்கட்டும்



காசு கொடுத்து வாங்கிய கேம். கருவிக்குள் முழுதாக இறங்கியும் இருக்கிறது. நேற்று இரவு வரை வீட்டில் நன்றாக ஓடியது. ரயில் செங்கோட்டையைத் தாண்டி மலைக்குள் நுழைந்து, செல்போன் கோபுரங்கள் கண்ணுக்கு மறைந்ததும் திறக்க மறுக்கிறது. இணையத்தோடு இணைக்கச் சொல்லி ஓர் அறிவிப்பு மட்டும் திரையில் வந்து நிற்கிறது. பக்கத்து இருக்கையில் அக்காக்காரி அதே கேமை, அதே மாதிரிக் கருவியில் ஆடிக்கொண்டிருக்கிறாள். தம்பிக்கு அழுகை வராத குறை. இப்படி நடப்பது ஏன், நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

கையில் வைத்து ஆடும் மின்னணு விளையாட்டு பயணத்துக்காகவே பிறந்தது. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனத்தில் வேலைபார்த்தவர் குன்பெய் யோகோய். புல்லட் ரயிலில் பொழுது போகாத பயணி ஒருவர் கால்குலேட்டர் பொத்தான்களைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்ததை அவர் பார்த்தார், சட்டைப்பைக்குள் அடங்கும் விளையாட்டுக் கருவி என்ற எண்ணம் அங்கேதான் முளைத்தது என்று சொல்வார்கள். 1980இல் அது 'கேம் அண்ட் வாட்ச்' என்ற கருவியாக வெளிவந்தது. 1989இல் 'கேம் பாய்' வந்தது. நான்கு பென்சில் பேட்டரி, பச்சை பாய்ந்த சின்னத் திரை, முதுகில் செருகும் ஒரு கேட்ரிட்ஜ், அவ்வளவுதான். விளையாட்டு மொத்தமும் அந்தக் கேட்ரிட்ஜின் சிப்புக்குள் இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து ஆட வேண்டுமென்றால் இரண்டு கருவிகளுக்கும் நடுவில் ஒரு கேபிள். 1996இல் ஜப்பானில் வெளிவந்த முதல் போக்கிமான் விளையாட்டில் பிள்ளைகள் பிராணிகளை மாற்றிக்கொண்டது இந்தக் கேபிள் வழியாகத்தான். பின்னால் வந்த வண்ணத்திரைக் கருவியையும் சேர்த்தால் கேம் பாய் 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல் விற்றது.

நம் ஊருக்கு அப்போது வந்து சேர்ந்தது 'பிரிக் கேம்'. திருவிழாக் கடைகளிலும் ஃபேன்சி ஸ்டோர்களிலும் தொங்கும். '9999 இன் 1' என்று அட்டையில் போட்டிருக்கும். உள்ளே இருந்தவை சில விளையாட்டுகளும் அவற்றின் வெவ்வேறு வேகங்களும்தான். ஆனாலும் மழைக்காலத்தில் மின்சாரம் போன இரவுகளில், வெளிச்சம் இருக்கிற மூலைக்கு அதை எடுத்துப்போய் விழும் கட்டைகளை அடுக்கிய தலைமுறை ஒன்று இங்கே உண்டு. பரணில் ஒன்று கிடந்தால் எடுத்துப் புது பேட்டரி போட்டுப் பாருங்கள், ஓடினாலும் ஓடும். பழைய கேம் பாய் கேட்ரிட்ஜும் அப்படித்தான். சேமித்து வைத்த ஆட்டம் போயிருக்கலாம், ஏனென்றால் அதைக் காப்பதற்காக உள்ளே வைத்த பொத்தான் பேட்டரி இத்தனை வருடத்தில் தீர்ந்திருக்கும். விளையாட்டு போயிருக்காது. அது திறப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அனுமதி என்ற சங்கதி பதிவிறக்கத்தோடு வந்தது. 2008இல் நிண்டெண்டோவின் டிஎஸ்ஐ கருவியில் இணையக் கடை திறந்தது. 2009இல் சோனி 'பிஎஸ்பி கோ' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் வட்டு செருக இடமே கிடையாது, எல்லாமே பதிவிறக்கம்தான். இப்போது கடையில் நாம் கொடுக்கும் பணத்துக்கு இரண்டு பொருள்கள் கைக்கு வருகின்றன. ஒன்று விளையாட்டின் கோப்பு. பல ஜிகாபைட் இருக்கும், மெமரி கார்டில் போய் உட்காரும். இன்னொன்று உரிமம். அளவில் மிகச் சிறியது, இன்ன கணக்குக்காரர் இதை ஆடலாம் என்று சொல்லும் குறிப்பு. நிலத்தில் குடியிருப்பது வேறு, பட்டா கையில் இருப்பது வேறு என்பது கிராமத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். கோப்பு குடியிருப்பு, உரிமம் பட்டா. ரயிலில் தம்பியின் கருவியில் கோப்பு இருந்தது. உரிமத்தைச் சரிபார்க்கத்தான் இணையம் தேவைப்பட்டது.

நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவியை வைத்தே இதை விளக்கிவிடுகிறேன், வீடுகளில் சண்டை மூட்டுவது பெரும்பாலும் இதுதான். 2017 மார்ச்சில் வந்த கருவி. 2025 ஏப்ரல் வரை இருந்த முறையில், ஒரே கணக்கை ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளில் போட்டுக்கொள்ள முடிந்தது. ஆனால் அவற்றில் ஒன்றுதான் முதன்மைக் கருவியாக இருந்தது. அந்தக் கணக்கில் வாங்கிய கேம்களை முதன்மைக் கருவியில் யார் வேண்டுமானாலும், இணையம் இல்லாமலே ஆட முடிந்தது. மற்றதில், வாங்கியவரின் பெயரில் நுழைந்து மட்டுமே ஆட முடிந்தது. அதோடு ஒவ்வொரு முறை கேமைத் திறக்கும்போதும் அது நிறுவனத்தின் சர்வரைக் கேட்டது. வீட்டில் வைஃபை எப்போதும் ஓடியதால் இந்த விசாரணை நடப்பதே நமக்குத் தெரியவில்லை. மலைப்பாதையில்தான் தெரியவந்தது. அக்காவின் கையில் இருந்தது முதன்மைக் கருவி, தம்பியின் கையில் இருந்தது மற்றது. கோளாறு எதுவும் இல்லை. எது முதன்மை என்று வீட்டில் யாரும் பார்த்துவைக்கவில்லை, அவ்வளவுதான்.

2025 ஏப்ரல் கடைசியில் இந்த ஏற்பாடு மாறியது. 'விர்ச்சுவல் கேம் கார்டு' என்று ஒரு முறை வந்தது. பதிவிறக்கிய ஒவ்வொரு கேமும் இப்போது கண்ணுக்குத் தெரியாத ஓர் அட்டை. அதை ஒரு கருவியில் ஏற்றலாம், இறக்கலாம், இன்னொன்றில் ஏற்றலாம். ஒரு நேரத்தில் ஓர் அட்டை ஒரு கருவியில்தான் இருக்கும். ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் இணையம் வேண்டும், ஏற்றிய பிறகு வேண்டாம். குடும்பக் குழுவில் இருப்பவருக்கு ஓர் அட்டையை 14 நாள் இரவல் கொடுக்கலாம், தவணை முடிந்ததும் அது தானாகத் திரும்பிவிடும். இரவல் கொடுக்கும்போது இரண்டு கருவிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். என் கணிப்பில் இது முந்தையதைவிட நேர்மையான ஏற்பாடு. எந்தக் கேம் எந்தக் கருவியில் இருக்கிறது என்று பத்து வயதுப் பிள்ளையே பார்த்துத் தெரிந்துகொள்ள முடிகிறது. பழைய முறைப்படி இணையத்தில் உரிமம் கேட்டு ஆடும் வசதியும் அமைப்புகளில் இருக்கிறது. அதைப் போட்டுவைத்திருப்பவர்கள், ஆடும்போது இணையம் வேண்டும் என்பதைப் பயணத்துக்கு முன் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாதச் சந்தா, வருடச் சந்தா கட்டி ஆடும் கேம்கள் இந்த அட்டை முறையில் சேராது. நிண்டெண்டோவின் இணையச் சந்தாவில் கிடைக்கும் பழைய கேம்களை இணையம் இல்லாமல் ஆடலாம்தான். ஆனால் ஏழு நாளுக்கு ஒருமுறையாவது கருவி இணையத்தைத் தொட வேண்டும். முழுப் பரீட்சை விடுமுறைக்குச் சிக்னல் எட்டாத தோட்டத்து வீட்டில் போய்த் தங்குகிறவர்களுக்கு அது போதாது.

பதிவிறக்கமே வேண்டாம், அட்டையாகவே வாங்கிக்கொள்கிறேன் என்று சிலர் சொல்வார்கள். நல்ல முடிவு. ஆனால் அதிலும் இப்போது கவனம் வேண்டும். 2025 ஜூன் 5ஆம் தேதி ஸ்விட்ச் 2 வந்தபோது 'கேம் கீ கார்டு' என்ற அட்டை கூடவே வந்தது. பார்க்க மற்ற அட்டை போலவே இருக்கும், உள்ளே விளையாட்டு இருக்காது. அட்டையைச் செருகி, இணையத்தில் இணைந்து, கேம் முழுவதையும் பதிவிறக்க வேண்டும். முதல்முறை திறக்கும்போதும் இணையம் வேண்டும். அதன்பிறகு வேண்டாம், ஆனால் அட்டை எப்போதும் செருகியே இருக்க வேண்டும். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6' இப்படித்தான் வந்தது. 'சைபர்பங்க் 2077' கேமோ 64 ஜிகாபைட் அட்டையில் முழுதாக வந்தது. அத்தனை பெரிய விளையாட்டையே அட்டையில் அடைக்க முடிகிறது என்றால், முடியாது என்று மற்றவர்கள் சொல்வதை நான் முழுதாக ஏற்கவில்லை. அட்டையின் விலை கூடுகிறது என்பதுதான் காரணமாக இருக்க முடியும். கீ கார்டு என்ற விவரம் பெட்டியின் முன்பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறது. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மாமா, சித்தப்பா யாராவது பரிசாக வாங்கிவருவதாக இருந்தால் இந்த ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த வித்தியாசத்தை நூலகமும் கணக்கில் எடுக்கிறது. ஜப்பானின் தேசிய டயட் (நாடாளுமன்ற) நூலகம் வீடியோ கேம்களையும் புத்தகங்களைப் போலச் சேகரித்துக் காக்கும் நூலகம். உள்ளே விளையாட்டு இல்லாத இந்த அட்டைகளைச் சேகரிப்பில் சேர்ப்பதில்லை என்று அதுவே சொல்லிவிட்டது.

இனி வேறொரு கருவி. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் 2022இல் வந்தது. கணினி விளையாட்டுகளைக் கையில் வைத்து ஆடலாம். அதில் 'ஆஃப்லைன் மோடு' உண்டு. புதிதாக இறக்கிய கேமை இணையம் இருக்கும்போதே ஒருமுறை திறந்து, தொடக்கத் திரை வரை போய்ப் பார்த்துவிட வேண்டும். முதல் தடவையில் நிறுவ வேண்டியவை சில மிச்சம் இருக்கும். வேறு நிறுவனத்தின் லாஞ்சர் (கேமைத் தொடங்கும் செயலி) வழியாகத் திறக்கும் கேம்கள் அந்த நிறுவனத்தின் கணக்கையும் கேட்கும். ஊரில் இருந்தபடி டெக்கில் ஆடிவிட்டு, வீடு திரும்பியதும் அதே கேமைக் கணினியில் திறக்கிறவர்கள் முதலில் டெக்கை வைஃபையில் இணைத்துச் சேமிப்பு இணையத்தில் ஏறும்வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் எந்தச் சேமிப்பு புதியது என்று இரண்டு கருவிகளுக்கும் குழப்பம் வந்துவிடும்.

சேமிப்பைப் பற்றி இன்னொன்று. ஸ்விட்சில் கேமின் கோப்பு மெமரி கார்டில் இருந்தாலும், ஆடிச் சேர்த்த முன்னேற்றம் கருவியின் உள்நினைவில்தான் இருக்கும். கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்தினால் முன்னேற்றம் பத்திரமாகாது. இணையத்தில் காப்புப்பிரதி வைக்கச் சந்தா வேண்டும்.

இத்தனை நேரம் ஒரு பயணத்தைப் பற்றிப் பேசினோம். பத்து வருடம் கழித்து என்ன ஆகும் என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிற கேள்வி. டிஎஸ்ஐ கடை 2017 மார்ச்சில் மூடியது. 3டிஎஸ் கருவியின் கடையில் 2023 மார்ச் 27 முதல் எதுவும் வாங்க முடியாது. முன்பு வாங்கியதை மட்டும் திரும்ப இறக்கிக்கொள்ள வழி விட்டிருக்கிறார்கள். சோனி 2021 மார்ச்சில், பிஎஸ்3, பிஎஸ்பி, விட்டா ஆகிய தன் மூன்று கருவிகளின் இணையக் கடைகளையும் மூடுவதாக அறிவித்தது. ஆடுகிறவர்கள் எதிர்த்தார்கள். அடுத்த மாதமே, முடிவு தவறு என்று நிறுவனமே ஒப்புக்கொண்டு பிஎஸ்3, விட்டா கடைகளை விட்டுவைத்தது. பிஎஸ்பி மட்டும் தப்பவில்லை. அமெரிக்காவில் வெளிவந்த பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் கடையில் கிடைப்பதில்லை என்று அந்நாட்டின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஆனால் 3டிஎஸ்ஸில் ஏற்கெனவே இறக்கிவைத்த கேம் இன்றும் இணையம் இல்லாமல் திறக்கிறது. அங்கே உரிமம் கருவியோடு கட்டிப்போட்டது, சர்வரைப் போய்க் கேட்கும் வழக்கம் இல்லை. கடை மூடினாலும் வாங்கியவர் கையில் பொருள் நின்றது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இதில் ஒரு நல்ல சட்டம் போட்டிருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல், உரிமத்தை மட்டும் கொடுத்துவிட்டு 'வாங்குங்கள்' என்று பொத்தான் வைக்கக் கூடாது. உரிமம்தான் தருகிறோம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். இணையம் தேவையில்லாமல் நிரந்தரமாக வைத்துக்கொள்ளும்படி கொடுப்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. சட்டம் கோடு கிழித்திருக்கும் இடத்தைப் பாருங்கள். விற்றவர் பின்னால் வந்து பறிக்க முடியுமா, முடியாதா என்பதில்தான் இருக்கிறது. ஒரு கேமுக்கு 60 டாலர், நம் பணத்தில் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு இதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இங்கேயும் வேண்டும்.

வெவ்வேறு இடங்களில் இருந்துகொண்டு நாலு பேர் கூடி ஆடும் விளையாட்டுக்கு இணையம் தேவை, அதில் எனக்கு மறுப்பில்லை. ஒரு பிள்ளை தனியாக உட்கார்ந்து 'ஸ்டார்ட்யூ வேலி'யில் வயல் உழுவதற்கும், 'செல்டா'வில் மலை ஏறுவதற்கும் சர்வரின் சம்மதம் எதற்கு? தயாரிப்பாளர்கள் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட வேண்டும், கடையை மூடும் நாளிலாவது எடுத்துவிட வேண்டும். வாங்குகிற நாம் அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சோனி கேட்டது, மற்றவர்களும் கேட்பார்கள்.

விடுமுறைக்குக் கிளம்புகிற பெற்றோர்களே, முந்தின நாள் மாலை பிள்ளைகளின் கருவியை முழுதாக அணைத்து மறுபடி போடுங்கள். ஏரோப்ளேன் மோடில் வைத்து, கொண்டுபோக நினைக்கும் ஒவ்வொரு கேமையும் ஒருமுறை திறந்து பாருங்கள். எது திறக்கவில்லையோ அதை வீட்டு வைஃபை இருக்கும்போதே சரிசெய்துவிடலாம், கால் மணி நேர வேலை.