ஜீன் ஃபவுட்டின் இரு நிறைவாட்டங்கள்

பேஸ்போல் ஆட்டத்திலே பந்து நிலத்திற் பட்டெழுவதில்லை; எறிபவரின் கையினின்று நேரே அடிப்பவரிடம் பாய்கிறது. ஆகவே கிரிக்கெற்றைக் காட்டிலும் இதில் எறிபவருக்குப் பொறுப்பு மிகுதி. அடிக்க வந்த 27 பேரும் முதற் தளத்தைத்தானும் எட்டாது வெளியேறுவராயின், அது நிறைவாட்டம் எனப்படும். பேர்பெற்ற எறியாளர் பலருக்கும் வாழ்நாளில் ஒருமுறையேனும் அது வாய்ப்பதில்லை. ஜீன் ஃபவுட் என்னும் அமெரிக்கப் பெண்மணிக்கு இருமுறை வாய்த்தது.

ஆடவர் போர்முனைக்குச் செல்ல, மைதானங்கள் வெறிச்சோடுமோ என்றஞ்சிய சிக்காகோச் செல்வர் பிலிப் றிக்லி, 1943 இல் பெண்களுக்கெனத் தொழின்முறைச் சங்கமொன்றை நிறுவினார். குட்டைப் பாவாடையுடனேயே ஆடவேண்டும் என்பது விதி. சறுக்கி விழுந்து தளத்தைப் பற்றவேண்டிய ஆட்டத்திலே முழங்காற்றோல் என்னாகும் என்று விதி வகுத்தோர் எண்ணவில்லை போலும்! தொடக்கத்தில் 12 அங்குலச் சுற்றளவுள்ள பந்தை 40 அடி தூரத்திலிருந்து கைதாழ்த்தி எறிந்தனர். காலப்போக்கிற் பந்து சிறுத்தது, தூரம் நீண்டது. 1948 இல் தோளுக்கு மேலாக எறியும் முறை வந்தபோது பழைய முறையில் வல்லவர் பலர் தடுமாறினர். ஃபவுட்டோ, பென்சில்வேனியாவிலே தம் ஊர் ஆடவரின் பயிற்சிகளில் இளமையிலேயே அவ்வாறு எறிந்து பழகியவர்.

1946 இல் இந்தியானா மாநிலத்துச் சவுத் பெண்ட் கட்சியிற் சேர்ந்த அவர், 1951 யூலை 21 இல் றொக்போர்ட் கட்சிக்கெதிராக முதலாவது நிறைவாட்டத்தைக் கண்டார். அவ்வாண்டே அவர் கணவர் கார்ல் வின்ஷ் அக்கட்சியின் முகாமையாளரானார். தொல்லையும் அங்கேதான் தொடங்கிற்று. முகாமையாளர்மீது மனக்குறையுற்ற தோழியர், அவர் மனைவியின் முன்னிலையில் வாய்திறவார். தம் கட்சிக்குள்ளேயே தனியரானார் ஃபவுட். 1952 இல் இறுதிப் போட்டிகள் நெருங்கிய வேளை, தோழி ஒருத்தி தண்டிக்கப்பட்டதைப் பொறாது வேறு சிலரும் வெளியேறினர். எஞ்சிய 12 பேருடன் சவுத் பெண்ட் வாகை சூடியது. அவ்வாண்டு ஃபவுட் வென்ற ஆட்டங்கள் 20, தோற்றவை இரண்டே.

1953 செப்டெம்பர் 3 இல் கலமசூ கட்சிக்கெதிராக இரண்டாவது நிறைவாட்டம். அப்பருவத்துடன், ஆற்றல் சற்றும் குன்றாத நிலையில், அவர் ஆட்டத்தை விட்டார். வீட்டுக்கும் மைதானத்துக்கும் இடையே வேலியில்லாத அவ்வாழ்வு அவரைக் களைக்கச் செய்துவிட்டது. அடுத்த ஆண்டு எறிதூரம் 60 அடியாயிற்று. ஆடவர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய நிகர். அதனை அளந்து பார்க்க அவர் அங்கில்லை. அவ்வாண்டுடன் சங்கமும் கலைந்தது.