பதுளை மறவாத வேட்டையாளர்

வேட்டையும் வள்ளன்மையும் ஒருவரிடத்தே சேர்ந்து குடியிருத்தல் தமிழ் படித்தோர்க்குப் புதிய செய்தியன்று. கொல்லிமலைத் தலைவனாகிய வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் ஊடுருவி, உடும்பின் உடலிற் சென்று தைத்தது என்று வன்பரணர் புறநானூற்றிலே பாடியிருக்கிறார். வேட்டை முடிந்த அந்தக் காட்டிலேயே, முன்பின் அறியாத பாணர் கூட்டத்துக்கு இறைச்சியும் பொன்னும் வழங்கிய பின்னரே அவன் தன் வழி சென்றான். பின்னாளில் அவன் மலையமான் திருமுடிக்காரியோடு பொருது மாண்டான். மாண்ட பின் அவனைக் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகவே தமிழுலகம் நினைத்தது. வில்லினால் வந்த பெயர் அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஆயினும் கொடையினால் வந்த பெயரே அவனை வாழவைத்தது.

வேட்டையாளர் ஒருவர் திடீரென மறைந்தபோது, அவரைத் தெரிந்தவர்கள் அவருடைய துப்பாக்கியை மறந்து அன்பை மட்டும் கல்லிலே எழுதிவைத்த செய்தியொன்று நமது நாட்டு மலையகத்திலும் உண்டு. அவர் தமிழரல்லர், சிங்களவருமல்லர், கடல் கடந்து வந்த படையதிகாரி. தோமஸ் வில்லியம் றோஜர்ஸ் என்பது அவர் பெயர். மேஜர் றோஜர்ஸ் என்றாலே ஊவாவிலும் நுவரெலியாவிலும் பழைய வரலாறு அறிந்தோர் அடையாளங் கண்டுகொள்வர். இலங்கை ரைபிள் படைப்பிரிவைச் சேர்ந்த இவர், பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் மாவட்ட நீதிபதியாகவும் கடமையாற்றி வந்தார். 1845ஆம் ஆண்டு யூன் மாதம் 7ஆம் திகதி அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். அப்பொழுது அவருக்கு வயது 41.

றோஜர்சின் வேட்டையைப் பற்றிய கணக்கைக் கேட்டால் இன்றைய செவிகள் நம்பத் தயங்கும். இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற், 1859ஆம் ஆண்டு வெளியிட்ட தமது நூலில், மேஜர் றோஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார் என்று குறிப்பிடுகிறார். கப்டன் கல்வே என்பவர் அத்தொகையிற் பாதிக்கு மேலும், இலங்கையின் பெருந்தெருக்களை அமைத்த மேஜர் ஸ்கின்னர் ஏறத்தாழ அதேயளவும் கொன்றனர் என்பதும் அவர் தரும் கணக்கு. 1844ஆம் ஆண்டின் இறுதியில் புருசிய இளவரசர் வால்டெமாருடன் இலங்கைக்கு வந்த மருத்துவர் ஹொப்மைஸ்டர், றோஜர்சின் வீடு தந்தக் களஞ்சியமாகவே இருந்தது என்று எழுதினார். வீழ்ந்த யானைகளில் அறுபதுக்கு மேற்பட்டவை கொம்பன்களாம். விறாந்தையின் ஒவ்வொரு வாயிலிலும் பெருந்தந்தங்கள் நின்றன. உணவுக்கூடத்தின் மூலைகளிலும் அவையே. இலங்கை யானைகளுள் தந்தமுடையவை மிகச் சிலவே என்பதை அறிந்தவர்க்கு, அந்த அறுபது என்ற எண் எத்தனை பெரிய வேட்டையைக் குறிக்கின்றது என்பது விளங்கும்.

விருந்தினராய் வந்து இதை எழுதிவைத்த அந்த மருத்துவரும் நெடுநாள் வாழ்ந்தாரல்லர். றோஜர்ஸ் இறந்த அதே 1845ஆம் ஆண்டின் திசம்பர் மாதத்தில், பஞ்சாபில் நிகழ்ந்த பிரோசுசாப் போரின்போது குண்டுபட்டு இறந்தார். விருந்தளித்தவரும் விருந்துண்டவரும் ஓராண்டுக்குள்ளேயே, எவரும் எதிர்பாராத வகையில், இவ்வுலகை விட்டு நீங்கினர்.

ஆயிரத்து நானூறு யானைகளைக் கொன்ற ஒருவரை மக்கள் எவ்வாறு நேசித்தனர்? இன்றைய மனம் இவ்வாறு கேட்பது இயல்பே. இதற்கு விடை தேடுவோர் அன்றைய ஊவாவின் நிலையை முதலில் அறிதல் வேண்டும். 1817ஆம் 1818ஆம் ஆண்டுகளில் ஊவாவிலும் வெல்லச எனப்படும் பகுதியிலும் ஆங்கிலேயருக்கு எதிராகப் பெருங்கிளர்ச்சி எழுந்தது. அதனை அடக்கிய படைகள் ஊர்களைக் கொளுத்தின, விளைபயிரை அழித்தன, கால்நடைகளைக் கொன்றன. மக்கள் செத்தும் சிதறியும் போயினர். உழுவாரின்றி வயல்கள் காடாயின. காவலின்றிக் குளங்கள் உடைந்தன. மனிதன் விட்டு விலகிய நிலத்திலே காட்டு விலங்குகள் புகுந்தன. எஞ்சிய குடியானவனோ, காட்டை வெட்டிச் சுட்டுச் சேனை செய்து, ஆறு மாதம் வயிற்றைக் கட்டிக் காத்திருந்தான். ஓரிரவில் ஒரு யானைக் கூட்டம் வந்து போனால் அவனுடைய ஆண்டு முழுவதும் போயிற்று.

கண்டியரசர் காலத்தில் யானை அரசனின் உடைமை. அவன் அனுமதியின்றி அதனைக் கொல்வது பெருங்குற்றம். அரசு போன பின்னர் அந்தக் காவலும் போயிற்று. யானையைக் கொன்றவர்க்குத் தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கமே பரிசு கொடுக்கும் காலம் வந்தது. 1848க்கு முற்பட்ட மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500க்கு மேற்பட்ட யானைகள் இவ்வாறு கொல்லப்பட்டன என்று டெனன்ற் குறிக்கிறார். தென் மாகாணத்திலே 1851 முதல் 1856 வரை 2,000 யானைகள் மாண்டன. இப்பரிசைப் பெற்றோருள் பெரும்பாலார் ஐரோப்பிய அதிகாரிகளல்லர், உள்ளூர்க் குடிமக்களே. ஆகவே, யானை வேட்டையை ஒரு தனிமனிதரின் கொடுமையாக மட்டும் காண்பது வரலாற்றைச் சரியாகக் காண்பதாகாது. தலைக்கு விலை வைத்த அரசும், பயிரைக் காக்கத் துப்பாக்கி எடுத்த குடியானவனும், பொழுதுபோக்குக்காகக் காட்டிற் புகுந்த துரைமாரும் அதிற் பங்காளிகளே.

றோஜர்ஸ் இம்மூன்று நிலைகளிலும் ஒருங்கே நின்றவர். அவர் அரசாங்க அதிகாரி. வேட்டையை விரும்பிய துரை. பயிரழியும் ஊருக்குத் துணைவன். வழக்குத் தீர்க்க அவரிடம் வந்தவனே, யானையை விலக்கித் தருமாறும் அவரிடம் வந்திருப்பான். ஒரு முறை யானையொன்று அவரைத் துதிக்கையாற் பற்றி எறிந்து மிதித்ததென்றும், எலும்புகள் முறிந்தும் உயிர் தப்பினார் என்றும் கூறுவர். ஊருக்கு வந்த ஆபத்தின் முன்னே தம் உடம்பை நிறுத்துகிற மனிதனைக் கிராமம் எளிதில் மறப்பதில்லை.

யானைக் காலுக்குத் தப்பியவரை இடி கொன்றது. தென்மேற்குப் பருவக்காற்று எழும் யூன் மாதத்தில், அப்புத்தளை மலைமுகட்டிலே மேகமும் காற்றும் மோதுவதை அப்பக்கத்தார் அறிவர். றோஜர்ஸ் அன்று அங்குள்ள வாடிவீட்டில் நண்பர்களுடன் தங்கியிருந்தார். இடியும் மழையும் சற்றுத் தணிந்த வேளையில் விறாந்தைக்கு வந்து வானத்தைப் பார்த்தார் என்றும், புயல் ஓய்ந்துவிட்டதென உள்ளிருந்தோர்க்குச் சொல்லி வாய் மூடுமுன்னே இடி விழுந்ததென்றும் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அவருடைய உடல் நுவரெலியாவில் அடக்கஞ் செய்யப்பட்டது. இன்று குழிப்பந்தாட்டத் திடலை அடுத்துக் கிடக்கும் பழைய கல்லறைகளுள் அவருடையதும் ஒன்று. அக்கல்லிலே பெரியதொரு வெடிப்பு உண்டு. அதுவும் இடியினால் வந்ததென்றே ஊரார் சொல்வர்.

இந்தக் கல்லறையைச் சுற்றி ஒரு கதை வளர்ந்தது. பௌத்தர் போற்றும் யானையை, பிள்ளையாரின் திருமுகமாக இந்துக்கள் வணங்கும் யானையை, இவ்வளவு தொகையாகக் கொன்ற பாவத்துக்கு வானமே தண்டனை கொடுத்தது. புதைத்த பின்னும் சினம் தீராமல் கல்லையும் பிளந்தது என்பது அக்கதை. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் மலைமுகட்டில் இடி விழுவது இயற்கை. அது பாவியையும் பார்ப்பதில்லை, புண்ணியவானையும் பார்ப்பதில்லை. அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டுகளிலும் காட்டிலே துப்பாக்கியுடன் அலைந்த ஏனையோர் முதிர்ந்து நரைத்துப் படுக்கையில் இறந்தனர். ஸ்கின்னர் தமது எழுபதாம் வயதையும் தாண்டி 1877ஆம் ஆண்டிலேதான் காலமானார். தண்டனைக் கதை உண்மையாயின் வானம் ஒருவரை மட்டும் தெரிந்தெடுத்தது ஏன்?

கதையைக் காட்டிலும் உறுதியான சான்றொன்று பதுளை நகரிலே நிற்கிறது. அதுதான் தூய மாற்கு தேவாலயம். 1857ஆம் ஆண்டு, கொழும்பின் முதல் ஆங்கிலிக்கன் அத்தியட்சராகிய ஜேம்ஸ் சப்மனால் இது பிரதிட்டை செய்யப்பட்டது. இத்தேவாலயம் மேஜர் றோஜர்சின் நினைவாக எழுந்தது என்பதை அங்குள்ள கல்வெட்டு சொல்லுகிறது. எழுப்பியவர் யாவர்? எல்லா வகுப்பையும் சேர்ந்த அவருடைய நண்பரும் அவரை மதித்தோரும் என்கிறது அக்கல்வெட்டு. பெரும்பகுதிப் பொருளை மனமுவந்து கொடுத்தோர் அம்மாவட்டத்துச் சுதேச மக்களே என்றும் அது சேர்த்துச் சொல்லுகிறது.

இச்செய்தியைச் சிறிது நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். கொடுத்த சுதேசிகளுட் பெரும்பாலோர் பௌத்தராகவே இருந்திருத்தல் வேண்டும். கிறித்தவக் கோயிலொன்று எழுவதால் அவர்கள் சமயத்துக்கு ஆகவேண்டியது எதுவுமில்லை. நாற்பதாண்டுகளுக்கு முன் அவர்களுடைய பெற்றோரின் ஊரைக் கொளுத்தியவர்களும் அதே ஆங்கில அரசின் படையினரே. அப்படியிருந்தும் அவர்கள் கொடுத்தனர்.

அதிகாரிக்கு அஞ்சிக் கொடுத்திருக்கலாம் என்று ஐயுறுவோர் உளர். ஊர்த் தலைவர்கள் புதிய துரைமாரின் முகத்துக்காகப் பணம் திரட்டியிருக்கலாம் என்பதும் முற்றாகத் தள்ளத்தக்கதன்று. குடியேற்ற ஆட்சியில் மனமுவந்து கொடுத்தல் என்ற சொல்லைச் சற்றுத் தட்டிப் பார்த்தே ஏற்றல் வேண்டும். ஆயினும் உயிரோடிருக்கும் அதிகாரிக்குச் செய்யும் சிறப்பு வேறு. இறந்தவர்க்குச் செய்யும் சிறப்பு வேறு. இருப்பவர் ஒன்று கொடுப்பார், அல்லது ஒன்றைக் கெடுப்பார். இறந்தவரோ எதுவும் செய்யார். அவர் தீர்ப்பெழுதிய கை மண்ணுக்குள்ளே கிடக்கிறது. அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் முடிந்த ஒரு பணியிலே, அச்சத்துக்கு உள்ள இடம் சிறிது; அன்புக்கு உள்ள இடமே பெரிது.

ஆகவே றோஜர்சுக்கு இரண்டு நினைவுச் சின்னங்கள் இருக்கின்றன. நுவரெலியாவின் வெடித்த கல் ஒன்று; பதுளையின் கோயில் மற்றொன்று. முன்னதைச் சுற்றி, அவரைக் காணாதவர்கள் கட்டிய கதை நிலவுகிறது. பின்னதை, அவரைக் கண்டு பழகியவர்கள் கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டினர். காணாதவர் எண்ணிக்கையைப் பார்த்தனர். கண்டவர் மனிதனைப் பார்த்தனர்.

அதனால் அந்த எண்ணிக்கை பொய்யாகிவிடாது. பழகியவர்கள் நேசித்தனர் என்பதற்காக 1,400 உயிர்கள் ஒன்றுமில்லையாகிவிடா. ஓரி எய்த அம்பு ஒரு யானையை வீழ்த்தியது. வெடிமருந்து கைக்கு வந்த பின் அளவு என்ற சொல்லே காட்டிலிருந்து மறைந்தது. அதன் பயனை நாடு பின்னர் உணர்ந்தது. 1937ஆம் ஆண்டு விலங்கு தாவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1938இல் யாலவும் வில்பத்துவும் தேசிய வனங்களாயின. 2011ஆம் ஆண்டு எடுத்த கணக்கிலே இலங்கை முழுவதிலும் 5,879 யானைகள் இருந்தன. ஒரு மனிதரின் பெயரில் எழுதப்பட்ட வேட்டைத் தொகை அதில் நான்கில் ஒரு பங்கை நெருங்குகிறது என்று எண்ணும்போது நெஞ்சு சற்றே திடுக்கிடத்தான் செய்யும். இன்றும் சேனைக்காரனுக்கும் யானைக்கும் வழக்கு தீர்ந்தபாடில்லை. ஆண்டுதோறும் இரு பக்கத்திலும் உயிர்கள் போகின்றன. ஊவாவின் குடியானவன் அன்று யாரை நம்பி வாசலில் நின்றானோ, அந்தத் தேவை இன்றும் அப்படியே இருக்கிறது. விடை மட்டும் துப்பாக்கியாக இருத்தல் இயலாது.

இறந்த நண்பரை நினைப்பதில் இருவகைப் பிழை நேர்வதுண்டு. அவர் செய்ததனைத்தும் நன்றே என்று சாதிப்பது ஒன்று. ஒரு குறையைப் பிடித்துக்கொண்டு அவர் நன்மை முழுவதையும் புதைப்பது மற்றொன்று. நண்பரின் கையினால் உணவு உண்டவன், அவருடைய உதவியினால் பயிர் விளைத்தவன், அவர் முன்னே நீதி பெற்றவன் இவர்கள் நன்றியை மறத்தல் ஆகாது. பின்வந்தோராகிய நாம் யானைகளை மறத்தல் ஆகாது. இரண்டையும் ஒரே மனத்தில் வைத்திருக்கக் கற்றுக்கொள்வதே வரலாறு படிப்பதன் பயன்.

பதுளைத் தேவாலயக் கல்வெட்டிலே மேஜர் றோஜர்சின் பதவிகள் உள்ளன. இறந்த நாளும் வயதும் உள்ளன. வாழ்வின் நடுவிலேயே மரணம் நிற்கிறது என்னும் நினைவுறுத்தலும் உண்டு. யானைகளின் எண்ணிக்கை மட்டும் அதில் இல்லை. புகழ் முழுவதும் வேட்டையினால் வந்த மனிதருக்கு, அவரை அறிந்தோர் எழுதிய வாசகத்தில் வேட்டையைப் பற்றி ஒரு சொல்லேனும் காணப்படாதது சிந்திக்கத்தக்கது. உயிரோடிருக்கையில் ஊர் பேசிய செயல் ஒன்று. அவர் போன பின்பு நண்பர்கள் தேடியது வேறொன்று.