கூரைமேல் நிற்கும் கம்பிகள்



தொலைக்காட்சிக்கு ஆன்டெனா வாங்கக் கடைக்குச் செல்பவர் முதலில் விலையைக் கேட்கிறார். அடுத்து, “இது எச்.டி. ஆன்டெனாவா?” என்று கேட்கிறார். இவ்விரண்டு கேள்விகளுக்கும் முன்னால் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று உள்ளன. அலை எங்கிருந்து வருகிறது? அதன் நீளம் என்ன? வரும் வழியில் குறுக்கே நிற்பது எது? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தால் ஆன்டெனா தானே முடிவாகிவிடும். இவற்றை உசிலம்பட்டியை முன்வைத்து விளக்க விரும்புகிறேன்.

மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது உசிலம்பட்டி. வடமேற்கே நோக்கினால் பழனி மலைத்தொடர் தெரியும். அத்தொடரின்மேல், கடல்மட்டத்துக்கு 2,100 மீட்டர் உயரத்தில் கோடைக்கானல் அமைந்துள்ளது. பறவை பறக்கும் நேர்கோட்டில் அளந்தால் உசிலம்பட்டிக்கும் அதற்கும் இடையே உள்ள தூரம் சுமார் 45 கிலோமீட்டர்தான்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கிற்று. ஆயினும் அந்த அலை மதுரைச் சீமைக்கு எட்டவில்லை. தொலைக்காட்சி அலைகள் ஏறக்குறைய ஒளியைப் போல நேர்கோட்டிலேயே செல்பவை. பூமியோ உருண்டை. ஆகவே கோபுரத்தின் உயரம் எவ்வளவோ, அதற்கேற்ற தூரம்தான் அலை செல்லும். இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. உயரத்தை மீட்டரில் எழுதி, அதன் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்கினால், தரைமட்டத்தில் அலை எட்டும் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். சமவெளியில் நிற்கும் 100 மீட்டர் கோபுரத்துக்கு இது 41 கிலோமீட்டர். 2,100 மீட்டர் உயர மலைக்கோ 188 கிலோமீட்டர்! 1980களில் கோடைக்கானலில் தூர்தர்ஷன் ஒளிபரப்பி அமைக்கப்பட்டதன் காரணம் இதுவே. மலையே அங்குக் கோபுரமாயிற்று. தென்மாவட்டங்களின் ஓட்டு வீடுகளிலும் மொட்டை மாடிகளிலும் கம்பிகள் முளைத்தன.

அக்கம்பிகளின் பெயர் யாகி ஆன்டெனா. ஜப்பானில் செந்தாய் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஷிந்தாரோ உதா, ஹிதெத்சுகு யாகி என்னும் இருவரும் 1926ஆம் ஆண்டளவில் இதை உருவாக்கினர். அதன் பெருமையை அவர்கள் நாடு உடனே உணரவில்லை. 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது, அங்குக் கிடைத்த ஆங்கிலேயரின் ராடார்க் குறிப்புகளில் ‘யாகி’ என்ற சொல்லைக் கண்ட ஜப்பானியர் பொருள் விளங்காமல் திகைத்தனர் என்றும், அது உங்கள் நாட்டுப் பேராசிரியரின் பெயர்தான் என்று கைதியொருவர் சொல்லவே அறிந்துகொண்டனர் என்றும் கூறுவர்.

இக்கருவியின் அமைப்பு எளிது. நீண்ட தண்டு ஒன்றில் குறுக்குக் கம்பிகள் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றுள் மடித்த வளையமாக இருப்பது ஒன்றே கேபிளோடு இணைந்தது. அலையை வாங்குவது அதுதான். அதன் நீளம் அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதி. பின்னால் சற்று நீளமான கம்பி ஒன்று நின்று, அலையை முன்னுக்குத் திருப்பி அனுப்புகிறது. முன்னால் வரிசையாக நிற்கும் சற்றுக் குட்டையான கம்பிகள் அலையை வழிகாட்டி அழைத்து வருகின்றன. கம்பிகள் கூடக்கூட ஆன்டெனாவின் செவி கூர்மையாகும். கேட்கும் திசையோ குறுகும். ஆகவே குட்டைக் கம்பிகள் உள்ள முனை நிலையத்தை நோக்கவேண்டும். உசிலம்பட்டியில் அம்முனை வடமேற்கே நோக்கியது. இலங்கையில் 1982இல் ரூபவாஹினி தொடங்கியபின், நம் தென்கடற்கரை ஊர்களில் பலர் அதே முனையைக் கடல் நோக்கித் திருப்பி, அந்நாட்டு நிகழ்ச்சிகளைக் கண்டனர்.

இரண்டாவது கேள்வி அலைநீளம் பற்றியது. ஒளியின் வேகமாகிய வினாடிக்கு 30 கோடி மீட்டரை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 200 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஒன்றரை மீட்டர். அதன் பாதி 75 சென்டிமீட்டர். 500 மெகாஹெர்ட்ஸ் அலைக்குப் பாதிநீளம் 30 சென்டிமீட்டரே. முன்னதற்குச் செய்த ஆன்டெனா பின்னதற்கு நன்றாகப் பொருந்தாது. இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கோடைப் பண்பலையின் அதிர்வெண் 100.5 மெகாஹெர்ட்ஸ், அதன் அலைநீளத்தில் கால்பங்கு சுமார் 75 சென்டிமீட்டர். வானொலிப் பெட்டியின் கம்பியை அந்த அளவுக்கு நீட்டியும் சுருக்கியும் கேட்டுப் பாருங்கள். நிலையம் அருகில் இருந்தால் வேறுபாடு புலப்படாது; தொலைவில் இருந்தால் நன்கு புலப்படும்.

இனி ‘எச்.டி. ஆன்டெனா’வுக்கு வருவோம். எச்.டி. என்பது படத்தின் நுட்பம். ஒரு படத்தில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 என ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள் அமைவது அது. அந்தப் புள்ளிகளை எண்களாகத் தொகுத்து அனுப்புவது நிலையம். பிரித்துப் படமாக்குவது பெட்டி. கம்பிக்கு இவற்றில் எதுவும் தெரியாது. தன் நீளத்துக்கு ஒத்த அலை வந்தால் அது வாங்கும், அவ்வளவே. எச்.டி. என்று அட்டையில் அச்சிட்டுவிடுவதால் அலுமினியத்தின் குணம் மாறிவிடாது.

ஆனால் எண்முறை ஒளிபரப்பில் வேறொன்றைக் கவனிக்கவேண்டும். பழைய முறையில் அலை நலிந்தால் படம் புள்ளி புள்ளியாகும். ஆயினும் முகம் தெரியும், குரல் கேட்கும். புதிய முறையில் அலை ஓர் அளவுக்கு மேல் இருந்தால் படம் பழுதில்லாமல் வரும். அந்த அளவுக்குக் கீழே சென்றால் கட்டம் கட்டமாக உடைந்து மறைந்துவிடும். ஆகவே ஆன்டெனாவை உயரத்தில், தடையில்லாத திசையில், உறுதியாக நிறுத்துவது முன்னிலும் அவசியமாகிறது. பூஸ்டர் வைத்தால் போதும் என்று எண்ணுவோர் உண்டு. பூஸ்டர், வந்த அலையோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். வராத அலையை அதனால் வரவழைக்க இயலாது. அதை வைப்பதானாலும் கம்பத்தின் மேலே வைக்கவேண்டும். கேபிளில் தேய்ந்த பிறகு பெருக்குவதைவிடத் தேயுமுன் பெருக்குவதே நன்று.

இப்பொழுது முதற்கேள்வியை மீண்டும் கேட்போம். அலை எங்கிருந்து வருகிறது? 2016இல் தூர்தர்ஷன், டி.வி.பி.-டி2 என்னும் எண்முறையில் தரைவழி ஒளிபரப்பைச் சென்னை முதலிய சில பெருநகரங்களில் தொடங்கியது. உசிலம்பட்டியிலிருந்து சென்னை 400 கிலோமீட்டருக்கும் அப்பால். 2022ஆம் ஆண்டுக்குள் நாடெங்கும் பழைய ஒளிபரப்பிகளில் மிகப் பெரும்பாலானவை நிறுத்தப்பட்டுவிட்டன. அமெரிக்காவில் 2009இல் பழைய முறை நிறுத்தப்பட்டபோது, அதன் இடத்தில் எண்முறை அலைகள் கோபுரங்களிலிருந்தே வந்தன. அங்கே கூரைக் கம்பி இன்றும் துல்லியப் படத்தை விலையின்றித் தருகிறது. அந்நாட்டு வீட்டுக்கு ஏற்ற ஆன்டெனா விளம்பரத்தைப் பார்த்து, ஒரு கூலித் தொழிலாளி தம் இரண்டு நாள் உழைப்பின் பயனைக் கொடுத்து அதை வாங்கினால், அவர் வாங்குவது வெறும் உலோகமே.

கட்டணமில்லாமல் காண விரும்புவோருக்கு இங்கே உள்ள வழி ஆகாயத்தில் இருக்கிறது. 2004இல் தூர்தர்ஷன் தொடங்கிய நேரடிச் செயற்கைக்கோள் சேவை இன்று ஃப்ரீ டிஷ் என வழங்குகிறது. அதற்கு மாதச் சந்தா இல்லை. அதன் அலைகளைத் தரும் ஜிசாட்-15, நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. உசிலம்பட்டியிலிருந்து கணக்கிட்டால், அது கிழக்கிலிருந்து தெற்கு நோக்கி 30 பாகை அளவு விலகி, அடிவானத்துக்கு மேல் சுமார் 68 பாகை உயரத்தில் அமைகிறது. இங்கு அலைநீளம் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆகையால் கம்பிகளை விட்டு, அலையைக் குவிக்கும் குழிந்த தட்டைப் பயன்படுத்துகிறோம். அத்திசையில் தென்னையோ வேம்போ மறைத்தால் படம் வராது. பெருமழையிலும் சிறிது நேரம் தடைப்படும். துல்லியப் படம் வேண்டுவோர், அதைப் பிரித்தறியும் பெட்டிதானா என்று கேட்டு வாங்கவேண்டும்.

கருவி மாறினும் கேள்விகள் மாறவில்லை. எங்கிருந்து, எவ்வளவு நீளம், குறுக்கே எது? வீட்டில் பெரியவர்கள் கடைக்குப் புறப்படும்போது இம்மூன்றையும் நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள். பள்ளியில் கற்ற பௌதிகம் குடும்பத்தின் பணத்தைக் காப்பாற்றுமானால், அக்கல்விக்கு அதனினும் நல்ல பயன் வேறில்லை.