சவுக்காரம் கொண்டுபோக விடுவினமோ?

(நூற்றாண்டு விழா இராப்போசன நிகழ்வில் ஆற்றிய உரை)



"வைத்தியம் வேண்டாம், சிரிக்கக்கூடியதாக ஏதாவது கதையுங்கோ" என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே நாங்கள் காரில் நாட்டு எல்லை கடந்த கதையைச் சொல்கிறோம். நாங்கள் என்றால் 1999இல் உயர்தர வகுப்பில் ஒரே வரிசையில் இருந்த நால்வர்: ஒரு வைத்தியர், ஒரு கணக்காளர், ஒரு ஆசிரியை, ஒரு வங்கி உத்தியோகத்தர். இப்போது நால்வரும் ரொறன்ரோப் பக்கம் இருக்கிறோம். மற்ற மூவரும் அந்த மூலை மேசையில்தான் இருக்கிறார்கள். கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் உடனே எழும்பிவிடுவார்கள்.

தீவில் பிறந்தவர்களுக்குக் காரில் இன்னொரு நாட்டுக்குப் போவது என்பதே ஒரு பகிடி. எங்கள் ஊரில் நேரே ஓடிக்கொண்டு போனால் கடல்தான் வரும். ரொறன்ரோவிலிருந்து தெற்கே இரண்டு மணித்தியாலம் ஓடினால் நயாகரா ஆறு. அதற்கு மேலே ஒரு பாலம், பாலத்துக்கு அங்காலே அமெரிக்கா. அந்தப் பாலத்தின் பெயர் சமாதானப் பாலம். கனடாவும் அமெரிக்காவும் நூறு வருடம் சண்டை பிடிக்காமல் இருந்ததன் ஞாபகமாகப் பெயர் வைத்து 1927இல் திறந்தார்கள். எங்களுக்கும் 'சமாதான காலம்' என்று ஒன்று இருந்தது. 2002இல் தொடங்கி 2006இல் முடிந்தது. பாலம் கட்ட அவகாசம் கிடைக்கவில்லை.

எங்களில் ஒருத்தியின் அம்மாவுக்குப் பிற்ஸ்பேர்க் வெங்கடேசுவரர் கோயிலில் ஒரு நேர்த்தி. அம்மாவும் இந்தக் கல்லூரியின் பழைய மாணவிதான், அறுபதுகளில் விடுதியில் இருந்து படித்தவர். ஒரு சனிக்கிழமை விடியப்புறம் ஐந்து பேருமாக வெளிக்கிட்டோம். நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசித்தாயிற்று. ஐந்தாவது தேசிக்காய் காருக்குள் பிள்ளையாருக்கு முன்னால் இருந்தது. பின் சீற்றில் புட்டு, கட்டைச் சம்பல், சமஹன் பக்கற்றுகள், சித்தாலேப. கார் முழுக்க ஆயுர்வேத வைத்தியசாலை மணம்.

வெளிக்கிட முதல் அம்மா கேட்ட ஒரே கேள்வி, "பிள்ளையள், சவுக்காரம் கொண்டுபோக விடுவினமோ?"

நாங்கள் சிரிக்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக்குச் சவுக்காரமும் பற்றரியும் மெழுகுதிரியும் வராமல் நின்ற காலத்தில்தான் நாங்கள் கைவிளக்கில் வாய்ப்பாடு படித்தோம். "சவுக்காரம் கொண்டுபோகலாம் அம்மா, பச்சைக் கறிவேப்பிலைதான் கூடாது" என்றோம். அம்மாவுக்கு அது நம்ப முடியாத சட்டமாகத் தெரிந்தது. "கறிவேப்பிலையில குண்டு செய்யலாமோ?" என்று கேட்டார்.

காரணம் உண்டு. கறிவேப்பிலையும் தோடை, தேசி இனங்களும் ஒரே தாவரக் குடும்பம். அந்த மரங்களில் இருக்கும் ஒரு சின்னப் பூச்சி தோடைகளை அழிக்கும் ஒரு நோயைப் பரப்புகிறது. 2005இல் புளோரிடாவில் அந்த நோயைக் கண்டார்கள். அங்கே தோடைச் செய்கை அதிலிருந்து இன்னும் மீளவில்லை. (செயலாளர் மன்னிக்கவும், இது மரங்களின் வைத்தியம்.)

பாலத்தைக் கடந்ததும் கார்கள் வரிசையில் நின்றன. எங்களுக்கு முன்னால் மூன்று கார். அப்போது பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அம்மா இறங்கிவிட்டார்! ஒரு கையில் பை, மறு கையில் இலங்கைத் தேசிய அடையாள அட்டை. "செக்கிங் வந்திட்டுது, இறங்குங்கோ பிள்ளையள். டிரைவர் மட்டும் காரைக் கொண்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டுச் சேலையைச் சரிசெய்துகொண்டு கார்களுக்கு நடுவே நடக்கத் தொடங்கினார்.

ஓமந்தையில் அதுதான் முறை. வாகனம் ஒரு பக்கம் போகும், சனம் பைகளுடன் இறங்கி இன்னொரு பக்கம் நடக்கும். அடையாள அட்டை, மேசையில் கொட்டிய உடுப்புகள், பெண்களுக்குத் திரைச்சீலை மறைப்பு. பிறகு நடுவில் கொஞ்சத் தூரம் யாருக்கும் சொந்தமில்லாத றோட்டு. அதற்குப் பிறகு மற்றப் பக்கத்தின் படிவங்கள், அவர்களுடைய வரி. அம்மா எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தார். நாடுதான் வேறு.

அந்த எல்லையில் சொல்லாமல் காரைவிட்டு இறங்கக்கூடாது. ஒலிபெருக்கி கத்தியது. இரண்டு உத்தியோகத்தர்கள் ஓடி வந்தார்கள். அம்மா அவர்களுக்கு அடையாள அட்டையை நீட்டி, "குட் மோர்னிங்" என்றார். விடுதிப் பிள்ளை அல்லவா, உச்சரிப்பு அச்சொட்டாக இருந்தது.

அம்மாவின் கை நடுங்கவில்லை. காருக்குள் இருந்த எங்கள் கைகள்தான் நடுங்கின. யாரும் சொல்லாமலே நால்வரும் கைகளை வெளியே தெரியும்படி விரித்து வைத்திருந்தோம். ஒருவர் வைத்தியர், ஒருவர் பட்டயக் கணக்காளர், எல்லோரிடமும் கனடாக் கடவுச்சீட்டு. இருந்தும் வைத்திருந்தோம்.

ஒரு உத்தியோகத்தர் குனிந்து, ஏன் அவர் இறங்கினார் என்று கேட்டார். அவருக்குப் பழக்கமான எல்லையில் இறங்கித்தான் நடக்க வேண்டும் என்றோம். எந்த எல்லை என்றார். எங்கள் நாட்டுக்குள்ளே என்றோம். "உங்கள் நாட்டுக்குள்ளேயே எல்லையா?" என்று அவர் கேட்டார். வரிசையில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கக்கூடிய பதில் எங்களிடம் இருக்கவில்லை.

ஓரமாகப் போய் நிற்கச் சொன்னார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள், அம்மாவுக்குக் கதிரையும் தந்தார்கள். பழம் ஏதும் உண்டா என்று கேட்டார்கள். ஆசிரியை இல்லை என்றார். உத்தியோகத்தர் பிள்ளையாருக்கு முன்னால் இருந்த தேசிக்காயைச் சுட்டிக் காட்டினார். "அது பழமில்லை, சாமியின்ர" என்றார் அம்மா. சத்திரசிகிச்சையில் கட்டியை அகற்றிப் பரிசோதனைக்கு அனுப்புவதுபோல், கையுறை போட்டுத் தேசிக்காயைப் பையில் இட்டுக் கொண்டுபோனார்கள்.

அடுத்தது அம்மாவின் கைப்பை. உள்ளே ஒரு சின்ன டப்பா. திறந்தால் சாம்பல் நிறத் தூள்.

"இது என்ன?"

"புனிதச் சாம்பல்" என்றார் கணக்காளர்.

"யாருடைய சாம்பல்?" உத்தியோகத்தரின் குரல் தணிந்துவிட்டது. அனுதாபம் தெரிவிக்கத் தயாராகிவிட்டார்.

"மனிசருடையது இல்லை, மாட்டினுடையது" என்று வங்கி உத்தியோகத்தர் திருத்தினார்.

"மாட்டை எரித்தீர்களா?"

"மாட்டை இல்லை, சாணத்தை."

சாணம் என்றதும் அவர் டப்பாவை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு விவசாயப் பகுதி ஆளைக் கூப்பிட்டார். வந்தவர் பெரியவர். தூளைப் பார்த்தார், எங்கள் நெற்றிகளைப் பார்த்தார், மூடியை இறுக்கிப் பூட்டி அம்மாவிடமே கொடுத்தார். நாற்பது நிமிடத்தில் விட்டுவிட்டார்கள். ஓமந்தைக் கணக்கில் அது நேரமே இல்லை.

நேர்த்தி நல்லபடி முடிந்தது. திரும்பி வரும்போது கனடாப் பக்கக் கூண்டில் ஒரு இளம் பொடியன் இருந்தான். ஆங்கிலத்தில் என்ன வாங்கினீர்கள் என்று கேட்டான். இந்த முறை அம்மா இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு லட்டு எத்தனை, புளியோதரை எத்தனை, எல்லாம் ஒப்புவித்தார். கடவுச்சீட்டுகளைத் திருப்பித் தந்துவிட்டு, அவன் தமிழில் கேட்டான்: "அம்மா, நீங்கள் எந்த ஊர்?"

அந்தக் கேள்வியை அம்மாவிடம் எத்தனையோ சாவடிகளில் கேட்டிருக்கிறார்கள். அப்போதெல்லாம் ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டுக் குனிந்த தலை நிமிராமல் நடந்தவர். அன்றைக்கு ஊர், குறிச்சி, கோயில் வீதி, படித்த பள்ளிக்கூடம், விடுதியில் இருந்த வருடம், எல்லாம் சொன்னார். பின்னால் பத்துக் கார் நின்றது. பொடியன் சிரித்துக்கொண்டு, "என்ர பெரியம்மாவும் அந்தப் பள்ளிக்கூடந்தான், அவவும் ஹொஸ்ரல்" என்றான். பெயரைக் கேட்பதற்குள் பின்னால் நின்ற லொறிக்காரன் ஹோர்ன் அடித்துவிட்டான்.

அம்மா இன்றைக்கும் எங்களோடு வந்திருக்கிறார், மூலை மேசையில் இருக்கிறார். அந்தப் பெரியம்மா இந்த மண்டபத்தில் இருந்தால் தயவுசெய்து கையை உயர்த்துங்கோ.