ஒப்பந்தக் காலம் முடியுமுன் வீட்டைக் காலி செய்தல்

நெடுநாள் சேமித்துக் கட்டிய சொந்த வீடு குடிபுகத் தயாராகிவிட்டது. ஆனால், குடியிருக்கும் வாடகை வீட்டின் ஒப்பந்தம் முடிய இன்னும் ஐந்து மாதங்கள் இருக்கின்றன. ஒருபுறம் கடன் தவணை, மறுபுறம் வாடகை. மாதச் சம்பளக்காரர் இவ்விரண்டு சுமைகளையும் எவ்வாறு தாங்குவார்?

அச்சத்தால் முன்பணத்தையே கைவிட்டுச் செல்வோர் உண்டு. சாவியை அண்டை வீட்டாரிடம் கொடுத்துவிட்டுச் சொல்லாமல் போய்விடுவோரும் உண்டு. இவ்விரண்டும் தவறான வழிகள்.

முதற்கண் ஒப்பந்தப் பத்திரத்தை எடுத்து நிதானமாக வாசியுங்கள். எத்தனை நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும், குறைந்தது எத்தனை மாதம் குடியிருந்தாக வேண்டும் என்னும் இரண்டையும் கவனியுங்கள். ஒப்பந்தம் எதுவுமின்றிக் குடியிருப்பவராயின், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் அதனை மாதாந்தரக் குடித்தனமாகவே கருதுகிறது. எழுத்து மூலமாக 15 நாள் அறிவிப்புக் கொடுத்து அதனை முடித்துக்கொள்ளலாம்.

காலவரையறை எழுதப்பட்டு, இடையில் விலகும் உரிமை எழுதப்படாதிருந்தால், நாமாக விலகுதல் இயலாது. வீட்டுக்காரரின் இசைவு வேண்டும். ஆயினும் எஞ்சிய மாதங்களின் வாடகை முழுவதையும் கட்டியே தீரவேண்டும் என்று எண்ணிவிட வேண்டா. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், வாக்குத் தவறியவரிடமிருந்து நியாயமான ஈட்டையே பெற்றுத் தருகிறது. பத்திரத்தில் எழுதிய அபராதத் தொகை அந்த ஈட்டுக்கு மேல்வரம்பே ஆகும். நட்டத்தைக் குறைக்கும் வழி வீட்டுக்காரருக்கு இருந்ததா என்பதையும் சட்டம் கருத்திற் கொள்கிறது. எனவே, நீங்களே நல்ல குடித்தனக்காரர் ஒருவரைத் தேடி அழைத்துச் செல்வீர்களாயின், பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

முன்பணத்தில் வாடகையைக் கழித்துக்கொள்ளுமாறு கூறிக் கடைசி மாதங்களின் வாடகையை நிறுத்துவதும் முறையன்று. வீட்டுக்காரர் இசைந்து எழுதித் தந்தாலன்றி அவ்வாறு செய்யலாகாது. 2021ஆம் ஆண்டில் மத்திய அரசு வகுத்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்பு வீட்டுக்கு முன்பணம் இரண்டு மாத வாடகையை மிஞ்சலாகாது என்றும், உரிய பிடித்தம் போக எஞ்சியதை வீட்டை ஒப்படைக்கும்போதே திருப்பித் தரவேண்டும் என்றும் கூறுகிறது. ஆனால் அது ஒரு மாதிரியே. மாநிலங்கள் ஏற்றுச் சட்டமாக்கினால்தான் செல்லும். மாநிலந்தோறும் வாடகைச் சட்டம் வேறுபடுவதால், உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொள்வது நன்று.

காலி செய்யும் நாளில் சுவரையும் குழாய்களையும் இருவருமாகப் பார்வையிடுங்கள். மின்கட்டணத்தைத் தீர்த்து, சாவியை ஒப்படைத்து, பாக்கி எதுவுமில்லை என்று எழுதிக் கையொப்பம் பெறுங்கள். வாய்ச்சொல் மறந்துபோகும்; எழுத்து நிலைத்து நிற்கும்.

புது வீட்டில் பால் காய்ச்சும் நாளன்று பழைய வீட்டுக்காரரும் மனமுவந்து வந்து வாழ்த்துவாரானால், அதனினும் நல்ல தொடக்கம் வேறு உண்டோ?