ஒரு பெரிய எண்ணும் ஒரு பெரியவர் வாக்கும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரே ஒரு எண்ணாகும். எண்ணைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். ஆனால், ஒரு பெரியவர் சொன்னார் என்பதற்காக ஒரு தப்பு எவ்வளவு காலம் நிலைத்திருக்கக்கூடும் என்பதை இந்த எண் நன்றாய்க் காட்டுகிறபடியால் இதை எடுத்துக்கொண்டோம்.

2-ஐ 67 தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, வந்ததில் 1-ஐக் கழித்தால் 147573952589676412927 என்ற 21 இலக்க எண் வரும். ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண்ணுக்குப் பகா எண் என்று பெயர். 7 பகா எண். 3-ஐயும் 5-ஐயும் பெருக்கினால் வரும் 15 பகு எண். நமது 21 இலக்க எண் இதில் எந்த வகை என்பதுதான் கேள்வி.

1644-ல் பிரான்சு தேசத்து மெர்சென் என்னும் பாதிரியார், 2-ஐ எத்தனை தடவை பெருக்கி 1-ஐக் கழித்தால் பகா எண் வரும் என்று 257 தடவை வரைக்கும் ஒரு ஜாபிதா வெளியிட்டார். அதில் 67-ம் இருந்தது. நிரூபணம் கொடுக்கவில்லை. 232 வருஷம் கழித்து, 1876-ல், அதே தேசத்து லூக்காஸ் என்பவர், வகுக்கும் எண் எதையும் கண்டுபிடிக்காமலே, வேறொரு கணக்கு முறையால் இது பகு எண்தான் என்று காட்டினார். அப்படியானால் எதனால் வகுபடும்? அதற்கு மேலும் 27 வருஷம் சென்றது.

1903 அக்டோபர் 31-ந் தேதி நியூயார்க்கில் அமெரிக்கக் கணித சங்கத்தார் கூட்டத்தில் கோல் என்னும் ஆசிரியர் எழுந்தார். ஒரு வார்த்தையும் பேசாமல், பலகையில் ஒரு பக்கம் 2-ஐ 67 தடவை பெருக்கி 1-ஐக் கழித்தார். மறுபக்கம் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினார். இரண்டும் ஒன்றாயிருக்கவே, பேசாமல் போய் உட்கார்ந்துகொண்டார், சபையோர் கைதட்டினார்கள் என்று சொல்லப்படுகிறது.

பிற்பாடு பார்த்ததில் ஜாபிதாவிலிருந்த 257-ம் தப்பு. இருக்கவேண்டிய 61, 89, 107 மூன்றும் விட்டுப்போயிருந்தன.

இதனால் மெர்சென்னை நாம் இழிவாய்ப் பேசுவதாக யாரும் எண்ணவேண்டாம். இவ்வகை எண்களுக்கு அவர் பெயரைத்தான் கணித அறிஞர்கள் இன்றும் வழங்குகிறார்கள். அவர் தப்பையும் திருத்திவிட்டார்கள். ஒருவரை மதிப்பதும், அவர் சொன்னதைச் சோதிப்பதும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல.

முடிவாக ஒன்று. நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அந்த இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டு போய் வீட்டில் பெருக்கிப் பாருங்கள். கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், சரிபார்ப்பதற்குப் பெருக்கல் வாய்பாடும் கொஞ்சம் பொறுமையும் போதும். கூடாவிட்டால் அடுத்த கூட்டத்தில் வந்து நம்மைக் கேளுங்கள்!